ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: தூள் சரிதான், தண்ணீரை அளந்தீர்களா?

மருந்துக் கடையில் போய் "எலக்ட்ரால் ஒண்ணு கொடுங்க" என்றால் நான்கு விதமான பொருள் கைக்கு வரலாம். 21 கிராம் சொச்சம் எடையுள்ள பெரிய தூள் பாக்கெட். 4 கிராம் சொச்சம் உள்ள சின்ன பாக்கெட். ஸ்ட்ரா ஒட்டிய 200 மில்லி அட்டைப்பெட்டி. கடைக்காரர் அவசரத்தில் இருந்தால் வெறும் குளுக்கோஸ் டப்பாகூட வரும். எலக்ட்ரால் ஒரு கம்பெனி வைத்த பெயர் என்பதே மறந்துபோய், பேதியில் போன தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு அது பொதுப்பெயராகிவிட்டது. அதில் தவறில்லை. ஆனால் இந்த நான்கும் ஒன்று என்று நினைப்பது தவறு. முதலாவது மருந்து. இரண்டாவது அதே மருந்தின் ஒரு டம்ளர் அளவு. மூன்றாவது மருந்தாகவும் இருக்கலாம், வெறும் இனிப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். நான்காவது பேதிக்கு உதவவே உதவாது.

இங்கே பேசப்போவது முக்கியமாக அந்தப் பெரிய தூள் பாக்கெட்டைப் பற்றி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கம்பெனி எதுவானாலும் சரி, பின்பக்கத்தில் சரியான கலவை அச்சாகியிருந்தால், 20 ரூபாயை ஒட்டிய விலைக்கு மருந்துக் கடையில் இதைவிட நல்ல பொருள் கிடையாது. மக்கள் மருந்தகங்களில் இன்னும் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். கோளாறு வருவதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து கரைக்கும்போதுதான்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் திருத்தி அறிவித்த கலவை இது: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம். பாக்கெட்டில் குளுக்கோஸுக்கு டெக்ஸ்ட்ரோஸ் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. நான்கையும் கூட்டினால் 20.5 கிராம். மணத்துக்கும் சுவைக்கும் சேர்ப்பதால் சில கம்பெனிகளில் எடை 21.8 கிராம் வரை போகும். இந்த நான்கு எண்களும் இருந்து, "ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்" என்றும் இருந்தால் பாக்கெட் தேறிவிட்டது. வைட்டமின் சி, துத்தநாகம், மூலிகை என்று கூடுதலாகப் போட்டு விலையேற்றினால் அதற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இந்த எண்களில் ஏன் இவ்வளவு கறார்? பேதியின்போது குடல் தண்ணீரை உறிஞ்சுவதை விட்டுவிட்டு வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. வெறும் தண்ணீரைக் குடித்தால் பெரும்பாலும் அப்படியே இறங்கிவிடும். ஆனால் சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் மட்டும் காலராவில்கூட மூடுவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அந்த வாசல் திறக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் உள்ளே போகும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். அதனால்தான் உப்பு மட்டும் போட்டாலும் போதாது, சர்க்கரை மட்டும் போட்டாலும் போதாது. ஓ.ஆர்.எஸ்ஸில் சர்க்கரை இருப்பது ருசிக்காக இல்லை, தண்ணீரை உள்ளே இழுப்பதற்காக. "சுகர் ஃப்ரீ ஓ.ஆர்.எஸ். இருக்கா?" என்று கேட்கிறார்கள். செயற்கை இனிப்பு நாக்கை ஏமாற்றும், அந்த வாசலைத் திறக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. சரியாகக் கரைத்தால் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு), குளுக்கோஸ் 75 மில்லிமோல். கரைந்திருக்கும் எல்லாத் துகள்களையும் சேர்த்த மொத்த அடர்த்தி, மில்லியாஸ்மோல் என்ற அளவில், 245. நம் ரத்தத்தின் அடர்த்தி 290-ஐ ஒட்டி இருக்கும். கரைசல் ரத்தத்தைவிட நீர்த்து இருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குள் போகிறது. பழைய கலவை 311 இருந்தது. புதியதில் மலம் போகும் அளவும் வாந்தியும் குறைந்தன, ட்ரிப் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது. அதனால்தான் மாற்றினார்கள். கோலா, பாட்டில் ஜூஸ் போன்றவை 600-ஐத் தாண்டும். அவற்றைக் குடித்தால் ஓட்டம் எதிர்ப்பக்கமாக நடக்கிறது. உடம்பில் இருக்கும் தண்ணீர் குடலுக்குள் வடிந்து, பேதி இன்னும் கூடும். "ஏதோ தெம்புக்கு" என்று குழந்தைக்கு கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை என்பது நம் நாட்டிலேயே காட்டப்பட்ட விஷயம். 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்காளத்தின் பங்காவ் பகுதியில் குவிந்தபோது காலரா பரவியது. ட்ரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டவைத்து, டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-இல் அவர் காலமானார், மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. அன்றைய சோடாவுக்குப் பதிலாக இன்று சிட்ரேட் இருப்பதற்குக் காரணம் ஈரக்காற்று. சோடா கலந்த பொட்டலம் ஈரம் பட்டால் சீக்கிரம் பழுப்பேறிவிடும். சிட்ரேட் கலந்தது தாங்குகிறது.

இனி, கரைப்பது. பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் இது.

பெரிய பாக்கெட் முழுசாக ஒரு லிட்டருக்கு. அரை பாக்கெட் அரை லிட்டருக்கு என்று பிரிக்கக் கூடாது. பாக்கெட்டுக்குள் நான்கு வகைத் துகள்கள் உள்ளன, எல்லாம் ஒரே பருமனில் இருப்பதில்லை. ஆட்டி அசைத்துக் கொண்டுவரும்போது ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பிரிந்துவிடும். முதல் பாதியில் உப்பு அதிகமாகவும் அடுத்த பாதியில் குளுக்கோஸ் அதிகமாகவும் விழலாம். அதோடு, கத்தரித்து மடக்கி வைத்த பாக்கெட் மறுநாளே கல்லாகிவிடும். ஒரு லிட்டர் வேண்டாம், கொஞ்சம் போதும் என்றால் சின்ன பாக்கெட் வாங்குங்கள். அது 200 மில்லிக்கு அளந்து போட்டது.

ஒரு லிட்டர் என்றால் சொம்பிலோ டம்ளரிலோ கண்ணால் அளக்கும் ஒரு லிட்டர் இல்லை. வீட்டுச் சொம்பு ஒன்று 600 பிடிக்கும், இன்னொன்று 900 பிடிக்கும். எவர்சில்வர் டம்ளர் 150-இலிருந்து 250 வரை இருக்கிறது. இருப்பதில் நம்பகமான அளவு கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான். கழுவிய பாட்டிலில் கழுத்துவரை, கடையில் வந்த அதே மட்டத்துக்கு, தண்ணீர் நிரப்புங்கள். காய்ச்சி ஆறவைத்தது நல்லது, வடிகட்டி இயந்திரத்துத் தண்ணீரும் போதும். அதிலிருந்து ஒரு டம்ளர் அளவு சுத்தமான டம்ளரில் எடுத்து வைத்துவிட்டு, பாக்கெட்டின் மூலையை வெட்டி, விரலால் தட்டித்தட்டி மூலையில் ஒட்டியிருக்கும் தூளும் விழும்வரை முழுவதையும் பாட்டிலில் கொட்டுங்கள். மூடியைப் போட்டுக் குலுக்குங்கள். முதலில் வெள்ளையாக மேகம்போல் கலங்கும், அரை நிமிடத்தில் தெளியும். அடியில் ஒரு மணி தூள்கூட நிற்கக் கூடாது. பிறகு எடுத்துவைத்த தண்ணீரைத் திரும்ப ஊற்றி இன்னொரு முறை குலுக்குங்கள். நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீர் கரிக்கும் அளவுக்குத்தான் கரிக்க வேண்டும். அதற்கு மேல் கரித்தால் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். தண்ணீர் சேர்த்துச் சரிசெய்யப் பார்த்தால் எவ்வளவு சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாது.

கரைத்த பிறகு சூடுபண்ணக் கூடாது. கொதித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு அடர்ந்துவிடும். பால், ஜூஸ், இளநீர், சர்க்கரை எதையும் கலக்கக் கூடாது. எலுமிச்சை இரண்டு சொட்டு பிழிந்தால் கெட்டுப்போகாது, ஆனால் அந்தப் பழக்கம் மெல்ல ஒரு கரண்டி சீனியில் போய் நிற்கும். மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். மீதியைக் கொட்டிவிடுங்கள், ஃபிரிஜ்ஜில் இருந்தாலும் அதே கணக்கு. இதில் கிருமி வளரத் தேவையான சர்க்கரையும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது.

அளவு தப்பினால் என்ன ஆகும்? பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில், அதாவது 200 மில்லியில் கரைத்துவிட்டால், சோடியம் லிட்டருக்கு 375 மில்லிமோல் என்ற அளவுக்கு ஏறிவிடும். கடல்தண்ணீரில் 470-ஐ ஒட்டி இருக்கும். கிட்டத்தட்ட கடல்தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதற்குச் சமம். ரத்தத்தில் உப்பேறி, மூளையிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு, பிள்ளைக்கு வலிப்புகூட வரலாம். இப்படிக் கரைப்பவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. "கெட்டியா குடுத்தா சீக்கிரம் சரியாகும்" என்று நினைக்கிறார்கள். இல்லையென்றால், ஒரு லிட்டர் கரைத்து வீணாகப் போகிறதே என்று டம்ளரில் போடுகிறார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சின்ன பாக்கெட்டை ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டுவிட்டால் சோடியம் 15-க்கு இறங்கிவிடும். அது ஆபத்தாகத் தெரியாது, ஆனால் போன உப்பு திரும்பாது. அதிலும் இந்தச் சின்ன பாக்கெட்டுக்கு ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். பல கம்பெனிகள் பெரியதையும் சின்னதையும் ஒரே நிறத்தில், ஒரே படத்தோடு அச்சிடுகின்றன. தண்ணீர் அளவு எங்கோ பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில், தமிழில், "1 லிட்டருக்கு" என்றோ "200 மில்லிக்கு" என்றோ கட்டைவிரல் பருமனில் போட்டால் போதும். இவ்வளவு நல்ல பொருளுக்கு அது இல்லாதது பெரிய குறை.

கொடுக்கும் அளவு. இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் 50 முதல் 100 மில்லி. இரண்டிலிருந்து பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. பெரியவர்கள் எவ்வளவு குடிக்க முடிகிறதோ அவ்வளவு. இது நீரிழப்பு இன்னும் தெரியாத நிலைக்கு. கண் குழிந்து, பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்து, தண்ணீரைக் கண்டால் பறித்துக் குடித்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால், அது அடுத்த கட்டம். அப்போது ஒரு கிலோ எடைக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் போக வேண்டும். பத்து கிலோ குழந்தைக்கு 750 மில்லி. அதை மருத்துவரோ செவிலியரோ பக்கத்தில் இருந்து பார்த்தபடி கொடுப்பதே சரி.

"குடுத்ததும் வாந்தி எடுத்துடறான்" என்பதுதான் ஓ.ஆர்.எஸ்ஸைப் பாதியில் கைவிடுவதற்கு முதல் காரணம். டம்ளரை வாயில் வைத்தால் தாகத்தில் பிள்ளை மடமடவென்று குடிக்கும், இரைப்பை விரியும், மொத்தமும் வெளியே வரும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியையோ, ஊசி கழற்றிய சிரிஞ்சையோ எடுத்து, 5 மில்லியை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கன்னத்தின் உள்பக்கமாக விடுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போயிருக்கும். கொஞ்சம் வாந்தி எடுத்தாலும் பெரும்பகுதி தங்கிவிடும். இதற்கு வேண்டியது பொறுமையாக உட்கார ஓர் ஆள். ஆயாவோ சித்தியோ மாற்றி மாற்றி உட்கார்ந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் தூங்க முடியும். ஃபீடிங் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். வேகமாக உறிஞ்சுவது ஒரு பக்கம், நிப்பிளின் மடிப்பில் தங்கும் அழுக்கு இன்னொரு பக்கம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது.

இரண்டாவது குற்றச்சாட்டு, "மூணு பாக்கெட் குடுத்தும் நிக்கல" என்பது. நிற்காது. ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தும் மருந்து அல்ல. போன தண்ணீரையும் உப்பையும் திரும்ப வைப்பதே அதன் வேலை. பேதி தானாக அடங்கச் சில நாட்கள் ஆகும், சிறு குழந்தைகளுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். அதுவரை உடம்பு வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. பேதி எத்தனை முறை போனது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, சிறுநீர் எத்தனை முறை போனது என்று எண்ணுங்கள். நாலு மணி, ஐந்து மணிக்கொரு முறை வெளிர் மஞ்சளாகப் போனால் ஓ.ஆர்.எஸ். வேலை செய்கிறது. பெரியவர்களுக்கு வாங்கும் "நிறுத்தற மாத்திரை"யைப் பொடித்துக் குழந்தைக்குக் கொடுப்பது பெரிய ஆபத்து. குடலின் அசைவு நின்று வயிறு உப்பிவிடும். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம்.

பேதி நாட்களைக் குறைக்க உதவுவது துத்தநாகம், ஆனால் தூளில் கலந்தது அல்ல, தனி மாத்திரையாக. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்ஸோடு சேர்த்தே அந்த ஜிங்க் மாத்திரையைக் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ போட்டால் ஒரு நிமிடத்தில் கரைந்துவிடும். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும், அடுத்த சில மாதங்களில் பேதி திரும்ப வருவதை அது குறைக்கும். ஐந்தாம் நாள் பட்டையைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

சுவை. மணம் சேர்க்காத தூள் கரிக்கும், லேசாக இனிக்கும், அவ்வளவுதான். ஆரஞ்சும் எலுமிச்சையும் கொஞ்சம் வழிவிடும், வேலையில் வித்தியாசம் இல்லை. குளிரவைத்தால் வாய்க்கு இன்னும் இறங்கும். தாகத்தில் இருக்கும் பிள்ளை ருசி பார்க்காமல் குடிக்கும். நேற்றுவரை குடித்தவன் இன்று முகத்தைத் திருப்புகிறான் என்றால் பல நேரம் அது நல்ல செய்தி. ஆனால் துவண்டு, கண் சொருகி, குடிக்கவே திராணி இல்லாமல் மறுப்பது வேறு. அதை ருசிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த ஸ்ட்ரா வைத்த பெட்டிகளுக்கு வருவோம். ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, மருந்துக் கடை முகப்பில் நிறுத்தி, பல வருடம் விற்ற பழச்சுவை பானங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தவையும் உண்டு. சரியான கலவையில் 13.5 கிராம்தான். உப்போ தேவையான அளவு இல்லை. பேதியில் வாடும் குழந்தைக்கு மருந்து என்று நம்பி வாங்கிய பெற்றோர் அதிகக் காசு கொடுத்துப் பேதியைக் கூட்டிக்கொண்டார்கள். 'இது மருத்துவக் கலவை அல்ல' என்று ஓரத்தில் ஒரு வரி போட்டால் போதும் என்று இருந்த அனுமதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் திரும்பப் பெற்று, உணவுப் பொருள் எதுவும் பெயரின் முன்னும் பின்னும் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என உத்தரவிட்டது. நல்ல முடிவு, மிகத் தாமதமாக வந்த முடிவு. அதே பானம் வேறு பெயரில் அதே அலமாரியில் நிற்கலாம் என்பதால் எழுத்தை நம்ப வேண்டாம். சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பெட்டியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருந்தால் அது உணவுப் பொருள், பேதிக்கு வேண்டாம். மருந்து உற்பத்தி உரிம எண்ணும் அந்த நான்கு பொருள்களின் அளவும் இருந்தால் அது மருந்து. சரியான கலவையிலேயே தயார் நிலையில் வரும் 200 மில்லி பெட்டிகளும் உள்ளன. பஸ்ஸிலோ ரயிலிலோ அளக்க வழியில்லாத இடத்தில் அவை மிக உதவி. வீட்டில் இருக்கும்போது ஐந்து பெட்டி வாங்கி ஒரு லிட்டரை நிரப்புவது வீண்செலவு.

பாக்கெட் கிடைக்காத நடுராத்திரியில்? வீட்டுக் கரைசல்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி பொடி உப்பு. தேக்கரண்டி என்பது 5 மில்லி பிடிக்கும் சின்னக் கரண்டி, குழம்புக் கரண்டி இல்லை. தெற்கு மாவட்டங்களில் சர்க்கரை என்றால் வெல்லச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, இங்கே சொல்வது சீனியை. கல்லுப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் எவ்வளவு விழுந்தது என்று சொல்ல முடியாது. பொடித்து அளந்தால் சரி. இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இல்லை, ஆகவே விடிந்ததும் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நம் வீட்டிலேயே இருக்கும் நல்ல துணை. மாவுச்சத்து குடலில் மெதுவாக உடைந்து குளுக்கோஸாகி அதே வாசலைத் திறக்கிறது. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதே. இளநீர் பற்றி ஒரு திருத்தம்: அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் மிகக் குறைவு. பேதியில் அதிகம் போவது சோடியம். குடிக்கலாம், ஆனால் ஓ.ஆர்.எஸ்ஸுக்குப் பதிலாக இல்லை. இட்லி, ரசம் சாதம், வாழைப்பழம் என்று சாப்பாட்டையும் நிறுத்தாமல் கொடுங்கள். "வயித்துக்கு ஓய்வு குடுக்கணும்" என்று பட்டினி போடுவதும், "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று வாயைக் கட்டுவதும், பல் முளைக்கிற பேதி, தொக்கம் விழுந்திருக்கு என்று இரண்டு நாள் தள்ளுவதும் குழந்தையை வற்றவைக்கும் வழிகள். மந்திரிக்கப் போனாலும் கையில் கரைத்த பாட்டில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்குச் சில வார்த்தை. வெயிலில் கட்டட வேலை, வயல்வேலை பார்த்து வியர்த்துக் கொட்டியவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். நன்றாக உதவும். கோடையில் பஸ் நிலையங்களில் இதை வைத்துக் கொடுப்பதும் அதற்காகத்தான். ஆனால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து தினமும் தெம்புக்கு ஒரு பாக்கெட் என்பது கூடாது. முழு லிட்டரில் இருக்கும் சோடியம், கிட்டத்தட்ட 4.4 கிராம் சாப்பாட்டு உப்புக்குச் சமம். ஒரு நாளைக்கே 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது வெறும் சுமை. இதய வீக்கம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது, பொட்டாசியம் அவர்களுக்கு இதயத்துடிப்பையே குழப்பும். சர்க்கரை நோயாளிகள் பேதியில் இதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். நீர் வற்றினால்தான் சர்க்கரை தாறுமாறாக ஏறும். குடித்துக்கொண்டே அளவை அடிக்கடி பார்த்து, மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் எது? பிள்ளை மயங்கியதுபோல் கிடந்தால், குடிக்க முடியாமல் போனால், கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்கு மேல் அப்படியே நின்றால், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் வராவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், அரிசி கழுவிய தண்ணீர்போல் நிற்காமல் போனால், குழந்தை இரண்டு மாதத்துக்கும் குறைவானதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியில் போகும்போதும், விழுங்க முடிகிற பிள்ளைக்கு ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள். அங்கே "குளுக்கோஸ் ஏத்தறாங்க" என்று நாம் சொல்வது பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். அது தேவைப்படாத நிலையிலும் "ஒரு பாட்டில் போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள். குடிக்க முடிகிறவருக்கு வாய்வழியே போவதும் அதே வேலையைச் செய்யும், ஊசிக் குத்தும் இல்லை.

வீட்டில் வைத்துக்கொள்ள: பெரியது மூன்று, சின்னது ஐந்து, ஜிங்க் மாத்திரை ஒரு பட்டை. அடுப்பு மேடைக்கு மேலே ஆவி அடிக்கும் அலமாரியில் வேண்டாம், அறையில் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். தூள் கட்டிபட்டிருந்தாலும் வெள்ளையாக இருந்து முழுசாகக் கரைந்தால் பயன்படுத்தலாம். பழுப்பேறியிருந்தாலோ பாகுபோல் ஒட்டினாலோ தூக்கிப்போடுங்கள். அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே காலியான ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் யார் எழுந்து கரைத்தாலும் கோடுவரை நிரப்பத் தெரிந்தால் போதும்.